செம்பருத்தியின் நீள்வெட்டுத் தோற்றம்

போன மாதம் ஓவியக் கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருத்தி ஃபோன் பண்ணியிருந்தாள். ஏதோ ப்ராஜெக்ட். வேலையில் இருக்கும் ஓவியர்கள் பத்துப் பேரிடம் ஆளுக்குப் பத்துக் கேள்வி. எட்டாவதோ ஒன்பதாவதோ கேள்வி, "உங்க டெய்லி ரொட்டீன் சொல்லுங்க மேம்." நான் கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னேன். காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன், ஒரு ஃபில்டர் காபி, ஐந்தரைக்கு ஸ்டுடியோ, எட்டரை வரைக்கும் என் சொந்த ஓவியங்கள் மட்டும்தான், பத்திரிகை வேலை, அட்டைப்பட வேலை எல்லாம் அதற்கப்புறம். சொல்லச் சொல்ல எனக்கே கேட்க நன்றாக இருந்தது. "சூப்பர் மேம்" என்று குறித்துக்கொண்டாள். ஃபோனை வைத்தபோது மணி பத்தே முக்கால். அன்றைக்கு நான் எழுந்தது ஏழே கால், வீட்டில் காபித்தூள் தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, ஸ்டுடியோ சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று அப்போதுதான் தேட ஆரம்பித்தேன்.

சின்னப் பொய்தான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனாலும் போகவில்லை, பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி நாலைந்து நாள் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது. ஏனென்றால் அந்த ரொட்டீன் முழுக்கக் கற்பனையும் கிடையாது. சரியாக எட்டு மாதம் நான் அப்படித்தான் இருந்தேன். ஐந்து மணி, காபி, ஐந்தரை, எல்லாம் அச்சு அசலாக. அந்த எட்டு மாதத்தில் ஒரு படம்கூட வரையவில்லை என்பதை மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் மேசை. பதினான்கு வருஷம் நான் வேலை பார்த்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். ஆறு பேர் உட்காரும் மேசை, ஜன்னல் பக்கத்து இரண்டு இடம் எனக்கு. டிபன் முடிந்து, துடைத்து, ஈரம் காய்ந்து, பழைய நாளிதழ் விரித்து உட்கார ஒன்பதரை ஆகும். மதியம் ஒன்றேகாலுக்கு எல்லாவற்றையும் அள்ளி ஃப்ரிட்ஜுக்கு மேலே வைக்க வேண்டும். மறுபடி இரண்டரைக்கு இறக்க வேண்டும். சாயங்காலம் பையன் ஹோம்வொர்க்குக்கு வருவான். இங்க் காயாத தாளை ஒரு முனையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு "இதை எங்கம்மா வைக்கறது" என்று அத்தை நிற்கும்போது எனக்கு உயிரே போய்விடும். ஒரு சிறுகதைத் தொகுப்பின் அட்டைக்கு வரைந்த ஒரிஜினலில் ரசம் தெறித்துவிட்டது. ஸ்கேன் பண்ணி கணினியில் அழித்துவிட்டு அனுப்பினேன். அந்த எழுத்தாளர் ரொம்ப ஆசைப்பட்டு ஒரிஜினலைக் கேட்டு வாங்கி ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். வலது ஓரத்தில் அந்தப் பழுப்புப் புள்ளிகளைக் காட்டி, "இந்த டெக்ஸ்ச்சர் எப்படிக் கொண்டுவந்தீங்க" என்று ஒருமுறை கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

ஆக, எனக்கென்று ஒரு அறை வேண்டும் என்பது பதினான்கு வருஷ ஏக்கம். அந்த அறை இருந்தால் நான் வேற லெவலில் இருந்திருப்பேன் என்று தீர்மானமாக நம்பினேன். கண்காட்சிகளுக்குப் போய் அடுத்தவர் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், இவருக்கு அறை இருக்கிறது, அதான், என்று மனசு கணக்குப் போடும்.

வடக்கு ஜன்னல்

நங்கநல்லூரில் ஒரு மொட்டைமாடி அறை கிடைத்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி, வாடகை 6,500 ரூபாய், கரண்ட் தனி, மூன்று மாத அட்வான்ஸ். நான் அதை எடுத்ததற்கு ஒரே காரணம் வடக்கு பார்த்த பெரிய ஜன்னல். ஓவியம் படித்தவர்கள் எல்லோருக்கும் மண்டையில் ஏற்றி அனுப்பிய பாடம் அது, ஸ்டுடியோ என்றால் வடக்கு வெளிச்சம். நிழல் ஓடாது, நிறம் மாறாது, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே மாதிரி. ஜூன் மாதம் உட்கார்ந்தேன். காலை ஏழு மணிக்கு ஜன்னல் வழியாகப் பளீரென்று வெயில் மேசை மேலேயே விழுகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, திசைகாட்டி ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். வடக்குதான். கோளாறு பாடத்தில். ஐரோப்பாவில் சூரியன் உச்சி நேரத்தில் வருஷம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும், அவர்களுக்கு அந்த விதி சரி. சென்னை இருப்பது 13 டிகிரியில். இங்கே ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியனே நம் தலைக்கு வடக்கே இருக்கிறது. காலையும் மாலையும் கேட்கவே வேண்டாம். நம் ஊர்க் கொத்தனாரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். நாலு மாதம் அந்த ஜன்னலுக்கு அத்தையின் பழைய வாயில் புடவையை இரண்டாக மடித்துக் கட்டி வைத்திருந்தேன், சுமாராக இருந்தது.

மேசைக்கு ஒரு ஃப்ளஷ் டோர் வாங்கி இரண்டு இரும்பு ஸ்டாண்டு மேல் படுக்க வைத்தேன், மேசை வாங்குவதில் பாதி விலைதான். சுவரில் சாஃப்ட் போர்டு. நல்ல கார்ட்ரிட்ஜ் பேப்பர், நாலைந்து ஷீட் கைத்தயாரிப்புத் தாள், இந்தியன் இங்க், பத்து வருஷமாக வாங்கத் தயங்கிய ஒரு சேபிள் பிரஷ். அப்புறம் ஒரு சட்டம் போட்டேன். கூலி வேலை இந்த அறைக்குள் வரக்கூடாது. பத்திரிகைக் கதைக்கான படம், பள்ளி நோட்ஸ், கல்யாணப் பத்திரிகை, லோகோ, எல்லாம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே. இந்த அறை என் படங்களுக்கு மட்டும். செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டுத்தான் போவேன், கோவிலுக்குப் போகிற மாதிரி.

எட்டு மாதம். என்ன செய்தேன் என்றால், பென்சில் சீவினேன். எல்லாப் பென்சிலும் ஒரே நீளத்துக்கு வரும்வரை சீவினேன். தாளை நாலு பக்கமும் பேப்பர் டேப் ஒட்டி, தண்ணீர் தடவி விறைக்க வைத்தேன், வெயிலில் அது டப்பென்று பிய்த்துக்கொள்ளும், மறுபடி ஒட்டினேன். கோடு ஒன்று இழுப்பேன். இது எதுக்கு, என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும். அந்தத் தாள் வீணாகிவிட்டது என்று எடுத்து வைப்பேன். வீட்டு ஓனரம்மா ஒருநாள் துணி காயப்போட வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "டியூஷன் எடுக்கறியாம்மா?" என்றார். இல்லம்மா, வரைவேன், என்றேன். அவர் சுவரைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், எங்குமே எதுவுமே இல்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த "சரிம்மா" எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பிறர் அறைகள்

வரையாத ஓவியர் என்ன செய்வார், மற்ற ஓவியர்கள் எப்படி வரைந்தார்கள் என்று படிப்பார். நானும் படித்தேன். ஃப்ரான்சிஸ் பேக்கன் லண்டனில் ரீஸ் மியூஸ் என்ற சந்தில் 1961லிருந்து 1992ல் சாகும்வரை பெரும்பாலும் ஒரே குட்டி அறையில்தான் வரைந்தார். படங்களைப் பார்த்திருப்பீர்கள், குப்பைமேடு. கிழிந்த புகைப்படங்கள், வண்ண டப்பாக்கள், கால் வைக்க இடமில்லை, சுவரும் கதவும்தான் வண்ணம் குழைத்துப் பார்க்கும் தட்டு. அவர் போன பிறகு டப்ளினில் உள்ள ஹ்யூ லேன் கேலரிக்கு அதைத் தொல்லியல் அகழாய்வு மாதிரி வரைபடம் போட்டு, 7,000க்கும் மேற்பட்ட பொருட்களைப் பட்டியலிட்டு, தூசியோடு பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆனால் எனக்குப் பிடித்துப்போனது வேறொரு துணுக்கு. பணம் வந்த பிறகு அவர் தேம்ஸ் நதியோரம் லைம்ஹவுஸில் ஒரு வீடு வாங்கினார். வாங்கி என்ன, அங்கே அவரால் வேலை செய்ய முடியவில்லை. தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அசைந்துகொண்டே இருந்ததாம். திரும்பிக் குப்பைமேட்டுக்கே போய்விட்டார். இதைப் படித்த அன்றைக்கு அத்தையின் வாயில் புடவையைப் பார்த்துச் சிரித்தேன், ரொம்ப நாளைக்கப்புறம்.

இன்னொரு பக்கம் ஜார்ஜோ மொராண்டி. இத்தாலியில் பொலோன்யா நகரத்தில் ஃபோண்டாட்சா தெருவில் ஒரு வீடு. படுக்கையறையே ஸ்டுடியோ. ஒற்றைக் கட்டில், பக்கத்தில் வரையும் ஸ்டாண்டு, அலமாரி நிறைய பாட்டில், ஜாடி, தகர டப்பா. வாழ்நாளெல்லாம் பெரும்பாலும் அந்தப் பாட்டில்களையே நகர்த்தி நகர்த்தி வைத்து வரைந்தார். மேசையில் விரித்த தாளில் எந்தப் பாட்டில் எங்கே நிற்க வேண்டும் என்று பென்சிலால் வட்டம் வட்டமாகக் குறித்து வைத்திருப்பார். தூசியைத் துடைக்க விடமாட்டார், அந்தத் தூசியின் மங்கல்தான் அவர் படத்தின் நிறம். இவரைப் பற்றி எழுதும் எல்லோரும் "துறவி" என்பார்கள். எனக்கு அந்த வார்த்தையில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. கல்யாணம் ஆகாத மூன்று சகோதரிகள் கூட இருந்தார்கள். அவர் அறைக்குப் போக வேண்டுமானால் அவர்களுடைய அறையைத் தாண்டித்தான் போக வேண்டுமாம். யார் சமைத்தது, யார் கதவைத் திறந்து "அண்ணன் வேலையா இருக்கார், அப்புறம் வாங்க" என்று சொன்னது? மூன்று அக்கா தங்கைகள் வாசலைப் பார்த்துக்கொண்டால் நானும் துறவியாக இருப்பேன். (என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன், "நான் ஒருத்தன் போதாதா" என்றார். போதாது.)

ஆனால் மொராண்டியைப் பற்றி ஒரு விஷயத்தை நான் அப்போது படித்தும் கவனிக்கவில்லை. 1930லிருந்து 1956 வரை, இருபத்தாறு வருஷம், அவர் அந்த ஊர்க் கலைக் கல்லூரியில் எட்சிங் வாத்தியார். அமிலத்தில் செப்புத் தகட்டை முக்கி எடுக்கிற கைத்தொழிலைப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினார். துறவிக்கு மாதச் சம்பளம் இருந்தது. அதைத் தாண்டிப் போய், பாட்டிலின் மெளனம் பற்றிய பத்திகளை அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

மெழுகு

எட்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை, வெட்கமாக இருந்தது, வீட்டில் ஸ்டுடியோ போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறி ஈஞ்சம்பாக்கம் போய்விட்டேன். சோழமண்டலம், ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய கிராமம். கல்லூரி நாட்களில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அப்போதெல்லாம் படங்களைப் பார்ப்பதோடு சரி. இந்தத் தடவை அங்கே மெட்ராஸ் மூவ்மெண்ட் என்ற ஓவிய இயக்கத்தின் மியூசியத்தைச் சுற்றிவிட்டு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, தெரிந்த கதையே வேறு மாதிரி உறைத்தது. கதை உங்களுக்குத் தெரியும்தான். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் எழும்பூர் ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தபோது, படிப்பு முடித்து வெளியே போகிற பசங்கள் சோற்றுக்கு என்ன செய்வார்கள் என்ற கவலை அவருக்கு. கைவினை செய்து விற்கலாம் என்று முடிவாகிறது. முக்கியமாகப் பாத்திக், மெழுகு வைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றும் வேலை. 1960களின் தொடக்கத்தில் சங்கம் அமைத்து, துணிகளைக் காட்சிக்கு வைத்து விற்று, அந்தக் காசில் கடற்கரையோரம் மணல்காடாகக் கிடந்த நிலத்தை வாங்கினார்கள். 1966ல் கிராமம் உருவாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலை என்று ஒன்று அப்போது கிடையாது. கீற்றுக் கொட்டகைகள். நாளில் கொஞ்ச நேரம் பாத்திக், மீதி நேரம் அவரவர் ஓவியம், சிற்பம்.

பாத்திக் எப்படிப் போடுவார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? சூடான மெழுகைத் துணியில் தடவ வேண்டும், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வெளிர் நிறத்தில் தொடங்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மெழுகு, ஒரு முக்கல், காயப்போடு, மறுபடி மெழுகு, மறுபடி அடுத்த அடர்த்தி. கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை உருக்கி எடுத்தால் அடியிலிருந்த நிறமெல்லாம் வெளியே வரும். மெழுகு அங்கங்கே நொறுங்கிய விரிசலில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓடியிருக்கும், அது யார் கையிலும் இல்லை. கல்லூரியில் ஒரு பருவம் செய்திருக்கிறேன், மெழுகு நாற்றம் தலைமுடியிலிருந்து போக மூன்று நாள் ஆகும். மரத்தடியில் அன்றைக்கு உட்கார்ந்து நான் யோசித்தது இதுதான்: இவர்கள் பாத்திக்கை வேறு ஊரிலும் ஓவியத்தை இந்த ஊரிலும் வைத்துக்கொள்ளவில்லை. அதே மணல், அதே கொட்டகை, கையில் அதே சாயக்கறை. நான் என்ன செய்தேன், கூலி வேலையைத் தீட்டு மாதிரி வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் நம் ஊர் ஓவியர்கள் பெரும்பாலோர் கதை அதுதான். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர், ரெட்டப்ப நாயுடுவும் அப்படித்தான், பகலில் துணிக்கு டிசைன். சில்பிக்கு ஸ்டுடியோவே தேவைப்படவில்லை, விகடனுக்காகக் கோவில் கோவிலாகப் போய்ச் சிற்பங்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து வரைந்தார். அவருக்குக் கூலி வேலையும் சொந்த வேலையும் ஒரே தாளில் நடந்தன. கோபுலுவின் தஞ்சாவூர்க் கல்யாணக் கூட்டங்களை வாரப்பத்திரிகை வேலை என்று யார் தனியாகப் பிரித்து எடுப்பது?

இதை ஒரு சூத்திரமாக ஆக்கவும் எனக்குத் தைரியமில்லை. அதே சோழமண்டலத்தில்தான் ஓவியர் கே. ராமானுஜம் இருந்தார். சரியாகப் பேச வராத மனிதர், பணிக்கர் அரவணைத்து வைத்திருந்தார். கறுப்பு இங்கில் முடிவே இல்லாத மண்டபங்கள், கோபுரங்கள், படகுகள், பாம்புகள், சிறகு முளைத்த பெண்கள், நடுவில் எங்காவது தொப்பி போட்டுக்கொண்டு அவரே நிற்பார். அந்த மியூசியத்தில் அவர் படத்துக்கு முன்னால் நின்றால் கோடு போட்ட கையின் வேகம் தெரியும், எங்கேயும் தயங்கவில்லை. 1973ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். நிலம், கடல், கூட்டாளிகள், வழிகாட்டி எல்லாம் இருந்த இடத்தில். இன்னொன்று, என்னோடு படித்ததிலேயே நன்றாக வரைந்தவன் ஒரு அனிமேஷன் கம்பெனிக்குப் போனான். பதினைந்து வருஷம் ஆகிறது, சொந்தமாக ஒரு படம் போடவில்லை. பார்க்கும்போதெல்லாம் "அடுத்த வருஷம்டி" என்பான். கூலி வேலை ஆளை முழுசாகவும் விழுங்கும். எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீள்வெட்டு

அறை திறந்துகொண்டதற்குச் சோழமண்டலம் நேரடிக் காரணம் என்று சொன்னால் அதுவும் இன்னொரு அழகான பொய் ஆகிவிடும். நடந்தது என்னவென்றால், மறுவாரம் எங்கள் வீட்டில் பெயிண்ட் அடித்தார்கள். சாப்பாட்டு மேசை ஹால் நடுவே நகர்ந்து, அதன்மேல் மெத்தைகள், மெத்தைகள் மேல் தார்ப்பாய். ஒரு நோட்ஸ் கம்பெனிக்கு உயிரியல் படங்கள் 64 போட்டுத் தர வேண்டியிருந்தது, படத்துக்கு 300 ரூபாய், பத்து நாள் கெடு. வேறு வழியில்லை, மூட்டை கட்டிக்கொண்டு மொட்டைமாடி அறைக்குப் போனேன். சட்டம் உடைந்தது.

முதல் படமே செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம். தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் அது தெரியும், கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அல்லிவட்டம், புல்லிவட்டம், மகரந்தக் குழல், சூலகத்தண்டு, அடியில் பட்டாணி அடுக்கிய மாதிரி சூற்பை. பழைய புத்தகத்தைப் பார்த்துப் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். ஆனால் கதவுக்கு வெளியே ஓனரம்மாவின் ஐந்து செம்பருத்தித் தொட்டி. ஒற்றை அடுக்குச் சிவப்பு. கேட்டேன். "பூஜைக்குப் பறிக்கறதுக்குள்ள வந்து எடுத்துக்கோ" என்றார். இரண்டு பூ எடுத்துக்கொண்டேன், ஒன்று வெட்ட, ஒன்று சும்மா டம்ளர் தண்ணீரில்.

பாதி பிளேடால் காம்பிலிருந்து மேல்நோக்கி வெட்டினேன். வழுவழுவென்று ஒரு பசை, பிளேடு நழுவியது. திறந்து சாஸரில் வைத்துப் பார்த்தால், புத்தகத்தில் இருப்பது எதுவும் இதில் இல்லை. சூற்பை படத்தில் போடுவதில் பாதிகூட இல்லை, பச்சை மிளகு அளவு, உள்ளே விதைச் சூல்கள் மணல் மாதிரி. தண்டு நேராக நிற்கவில்லை, ஒருபக்கம் சாய்ந்து கடைசியில் லேசாக நிமிர்கிறது, யாரோ கூப்பிட்ட மாதிரி. மகரந்தத்தாள்கள் குழலின் மேல்பாதியில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, கீழ்ப்பாதி மொட்டை. இந்தப் பூவை எத்தனை முறை வரைந்திருப்பேன், பள்ளியில், பரீட்சையில், அப்புறம் காசுக்கு! ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இதழ்ச் சாறு தாளில் பட்டு முதலில் சிவப்பாக இருந்தது, பத்து நிமிடத்தில் காய்ந்து கத்தரிப்பூ நிறமாகி, அப்புறம் சிலேட்டு நிறத்துக்கு வந்து நின்றது.

பதினொன்றரைக்கு நோட்ஸ் படம் முடிந்தது. பார்த்தபடியே போட்டேன், அம்புக்குறி போட்டுப் பாகம் குறித்தேன். அடுத்து தவளையின் வாழ்க்கைச் சுழற்சிக்குப் போக வேண்டும். போனேன், இரண்டு கட்டம் போட்டேன். மூன்று மணிவாக்கில் நிமிர்ந்தபோது டம்ளரில் இருந்த முழுப்பூ விளிம்புகளைச் சுருட்ட ஆரம்பித்திருந்தது. செம்பருத்திக்கு ஒருநாள் ஆயுசு, எல்லோருக்கும் தெரியும். தவளைக்குப் போட்ட ரஃப் தாள் ஒன்று கையில் இருந்தது, அதன் பின்பக்கத்தில் பூவைக் கோட்டில் பிடித்தேன். பத்து நிமிடம் கழித்து இன்னும் சுருண்டிருந்தது, பக்கத்திலேயே இன்னொன்று. ஐந்தரைக்கு அது ஈரக்குடையை முறுக்கி வைத்த மாதிரி ஆகிவிட்டது, நடுவே தண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு. எண்ணிப் பார்த்தேன், ஏழு படம். எட்டு மாதத்தில் வராதது ஒரு மதியத்தில், நியூஸ்பிரிண்ட் தாளில், தவளைக்குப் பின்பக்கம். சேபிள் பிரஷ் டப்பாவிலேயே இருந்தது, தொடவில்லை. கையிலிருந்தது பத்து ரூபாய் பேனா.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே கணக்கு. 6,500 ரூபாய் வாடகை. மாதத்துக்கு இரண்டு நல்ல படம் வந்தால்கூட ஒரு படத்தின் தலையில் 3,250 ரூபாய். எட்டு மாதமாக ஒவ்வொரு கோட்டின் தலையிலும் நான் வாடகையை ஏற்றி வைத்திருந்தேன். எந்தக் கோடு எழுந்து நிற்கும்? இன்றைக்கு அந்த அறையின் வாடகையைத் தவளையும் செம்பருத்தியும் கட்டிவிட்டன. அப்புறம் வரைந்த ஏழு படத்துக்கு யாரும் கேள்வி கேட்கவில்லை, முக்கியமாக நான் கேட்கவில்லை. மணல்காட்டில் மெழுகு உருக்கியவர்களும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று தோன்றியது. பாத்திக் சோறு போட்டுவிட்டால் ஓவியம் சோறு போட வேண்டியதில்லை, எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகலாம்.

நோட்ஸ் கம்பெனியிலிருந்து மறுநாளே கரெக்‌ஷன் வந்தது. "மேடம் சூற்பை பெருசா வேணும், உள்ள உருண்டை உருண்டையா தெரியணும். தண்டு நேரா. இப்படியே போனா பசங்களுக்கு மார்க் போயிடும்." மாற்றிக் கொடுத்துவிட்டேன், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முதலில் போட்டதைச் சாஃப்ட் போர்டில் குத்தி வைத்திருக்கிறேன்.

இப்போது அந்த அறை எப்படி இருக்கிறது என்றால், வீட்டுச் சாப்பாட்டு மேசை மாதிரியே இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, ஒரு சிறுவர் கதைப் புத்தகம், கரெக்‌ஷன் வந்த நுரையீரல், எல்லாம் ஒரே ஃப்ளஷ் டோர் மேல். செருப்பு உள்ளேயே கிடக்கிறது. பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சமையலை முடித்துவிட்டு, பத்து, பத்தேகாலுக்குப் போவேன். காசு வேலைதான் முதலில். பூ மதியத்துக்கு மேல்தான் சுருள ஆரம்பிக்கும், அதனால் என் வேலை மூன்றிலிருந்து ஐந்தரை வரை, அதை நான் தீர்மானிக்கவில்லை. நூற்றிப் பன்னிரண்டு தாள் சேர்ந்திருக்கிறது, எல்லாமே ஏதாவதொன்றின் பின்பக்கம். கண்காட்சி வைத்தால் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பது பெரிய பிரச்சினை, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மாணவிக்கு இன்னும் திருத்தி எழுதவில்லை. ஸ்டுடியோ ஃபோட்டோ ஒன்று அனுப்புங்கள் மேம் என்று நேற்று மெசேஜ் வந்திருக்கிறது. எடுத்து அனுப்ப வேண்டும், பூ இருக்கிற நாளாகப் பார்த்து. ஓனரம்மா தினமும் ஆறு மணிக்குப் பூஜைக்குப் பறிக்கும்போது எனக்கென்று ஒன்றைச் செடியிலேயே விட்டுவைக்கிறார், ஒப்பந்தம் மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மட்டும் அது நடக்காது. "அம்மனுக்கும்மா, கோச்சுக்காத" என்று ஒன்றுவிடாமல் பறித்துக்கொண்டு போய்விடுவார். வெள்ளிக்கிழமைகளில் நோட்ஸ் வேலை மட்டும்தான்.